ஐரோப்பாவில் பிள்ளை, தோட்டப்புறத்தில் பெற்றோர்: புதிய ஐரோப்பிய வங்கி விதிகளைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று டப்ளினில் மருத்துவமும் ஜெர்மனியில் பொறியியலும் படிக்கிறார்கள். நெதர்லாந்திலும் பிரான்சிலும் வேலையில் அமர்ந்தவர்களும் உண்டு. படிப்புக்குப் பணம் இங்கிருந்து போகிறது. வேலை கிடைத்த பிறகு அங்கிருந்து வருகிறது. இந்த இரண்டு போக்கையும் ஆளுகிற விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ஆம் ஆண்டு முதல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி வருகிறது. அவற்றுள் நம் குடும்பங்களுக்குப் பயன்படுபவை எவை, அவற்றை எப்போது, எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய விதிகள் வலிமையானவை, ஆனால் அவை பணத்தோடு சேர்ந்து மலேசியா வரை பயணம் செய்வதில்லை. பணம் ஒன்றியத்தின் எல்லையைக் கடந்த பிறகு அங்குள்ள பாதுகாப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். ஆகவே சரிபார்க்க வேண்டியதையெல்லாம் எல்லையைக் கடக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

எந்த நாட்டின் விதி என்பதை முதலில் தீர்மானியுங்கள்

“பிள்ளை ஐரோப்பாவில் இருக்கிறான்” என்று சொல்வது வங்கிக் காரியத்துக்குப் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் உள்ளன. அவற்றுள் யூரோவைப் பயன்படுத்துபவை, 2026 ஜனவரியில் பல்கேரியா சேர்ந்த பிறகு, 21 நாடுகள். அயர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு, நெதர்லாந்து ஆகியவை இந்த 21-இல் அடங்கும். சுவீடன், போலந்து, டென்மார்க் ஆகியவை ஒன்றியத்தில் இருந்தாலும் தங்கள் நாணயத்தையே வைத்திருக்கின்றன. ஆதலால் சில விதிகள் அங்கே தாமதமாக வருகின்றன. நம்மவர்கள் அதிகம் செல்லும் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டது. சுவிட்சர்லாந்து ஒருபோதும் ஒன்றியத்தில் இருந்ததில்லை. இலண்டனில் இருக்கும் பிள்ளைக்குக் கீழே சொல்லப்படுகிற ஒன்றிய விதிகள் பொருந்தா. அங்கே வேறு சட்டம், வேறு வரம்பு. டப்ளினுக்கும் பிரிட்டனைச் சேர்ந்த பெல்ஃபாஸ்டுக்கும் இடையே பேருந்தில் சில மணி நேரம்தான், ஆனால் வங்கிச் சட்டத்தைப் பொறுத்தவரை அவை இரண்டு உலகங்கள்.

கணக்கு திறக்கும்போது

ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் சட்டப்படி தங்கியிருக்கும் ஒருவர், குடியுரிமை எதுவாக இருந்தாலும், அடிப்படை வங்கிக் கணக்கு ஒன்றைக் கேட்டுப் பெற உரிமை உடையவர். 2014-இல் இயற்றப்பட்ட கட்டளை ஒன்று இதை 2016 செப்டம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புதிய விதி அல்ல என்றாலும், மலேசிய மாணவர்கள் பெரும்பாலோர் அறியாத விதி இதுவே. முழு விண்ணப்பம் கையில் கிடைத்த பத்து வேலை நாள்களுக்குள் வங்கி கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். மறுத்தால், சட்டம் தடுக்கும் சில சூழல்களைத் தவிர, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எனவே வங்கி முகப்பில் “முடியாது” என்று வாயால் சொன்னால் பிள்ளை அங்கேயே திரும்பிவிடக் கூடாது. “அடிப்படைக் கணக்கு வேண்டும், மறுப்பதானால் எழுத்தில் கொடுங்கள்” என்று பணிவாகக் கேட்க வேண்டும். ஜெர்மனியில் இதன் பெயர் பேஸிஸ்கோண்டோ. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அலுவலருக்கு உடனே புரியும். இந்த உரிமை அங்கே தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இதைக் கோர இயலாது.

ஜெர்மனிக்குப் படிக்கச் செல்பவர்கள் விசாவுக்காக, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கு ஒன்றில் பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு இது ஒரு வாழ்நாள் சேமிப்பு. இந்தக் கணக்கை விற்கும் நிறுவனங்கள் எல்லாம் வங்கிகள் அல்ல. சில நிறுவனங்கள் பணத்தை வேறொரு வங்கியில் வைத்துவிட்டு இணையச் சேவையை மட்டும் நடத்துகின்றன. ஆகவே பணம் கட்டும் முன், “என் பிள்ளையின் பணம் எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கும், அதற்கு வைப்புக் காப்புறுதி உண்டா?” என்ற கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பிப் பதிலைச் சேமித்து வையுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்திடம் பணத்தை ஒப்படைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வங்கி வரி எண்ணைக் கேட்கும்போது பலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. கணக்கு விவரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று தாமாகவே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் மலேசியாவும் 2018 முதல் பங்கேற்கிறது. வருமான வரி வாரியம் வழங்கிய எண் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள்.

பெயர்: இங்கேதான் அதிகச் சிக்கல்

2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் எல்லாம், ஒருவர் யூரோ பணம் அனுப்பும்போது, அவர் எழுதிய பெறுநர் பெயரும் கணக்கு எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து, பணம் கிளம்பும் முன்பே சொல்ல வேண்டும். இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 2024-இல் இயற்றப்பட்ட உடனடிப் பணமாற்று ஒழுங்குமுறையின் ஒரு பகுதி இது. அதே ஒழுங்குமுறையின்படி உடனடிப் பணமாற்று 10 விநாடிக்குள், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், நடக்க வேண்டும். அதற்கான கட்டணம் சாதாரண மாற்றுக்கானதைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. யூரோவுக்கு வெளியே உள்ள ஒன்றிய நாடுகளுக்கு 2027 வரை அவகாசம் உண்டு.

பெயர்ச் சோதனையின் விடை நான்கு வகையாக வரும்: பொருந்துகிறது, ஏறத்தாழப் பொருந்துகிறது, பொருந்தவில்லை, பார்க்க இயலவில்லை. ஏறத்தாழப் பொருந்தும்போது கணக்கில் உள்ள சரியான பெயரை வங்கி காட்டும். பொருந்தவில்லை என்று வங்கி எச்சரித்த பிறகும் அனுப்பிவிட்டால், பணம் தவறான கைக்குப் போனதற்கு வங்கியைப் பொறுப்பாக்க முடியாது. மாறாக, வங்கி இந்தச் சோதனையைச் செய்யத் தவறி, அதனால் பணம் தவறிப்போனால், வங்கியே திருப்பித் தர வேண்டும்.

மலேசியத் தமிழரின் பெயர் இந்தச் சோதனையில் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. கடவுச்சீட்டில் “முருகன் ஏ/எல் முனியாண்டி”, அதாவது முனியாண்டியின் மகன் முருகன், என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய வங்கிப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். பல படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. ஓர் அலுவலர் “ஏஎல் முனியாண்டி” என்று குடும்பப்பெயரை எழுதுவார். இன்னொருவர் “ஏ” என்பதை நடுப்பெயர் ஆக்குவார். மூன்றாமவர் தந்தையின் பெயரை முன்னால் கொண்டுவந்துவிடுவார். அண்மையில் என்னிடம் ஒரு தாயார் மகனின் வங்கிக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். “சார், இவன் அப்பா பேர இவன் பேரா எழுதிட்டாங்களே, சம்பளம் யாருக்குப் போவும்?” என்று கேட்டார். கேள்வி மிகச் சரியானது. கடிதத்தின் மேற்பகுதியில் தந்தையின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது; மகனின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தது. சம்பளம் போடும் நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் வேறு வரிசையில் இருந்தால் சோதனை முரண்படும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது, ஆனால் முதல் நாளிலேயே செய்ய வேண்டும். கணக்கு திறந்தவுடன், வங்கியின் பதிவேட்டில் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்பதைக் கணக்கு அறிக்கையிலிருந்து படியெடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம், முதலாளி, வீட்டுக்காரர், உதவித்தொகை தருபவர் எல்லாருக்கும் அதே வடிவத்தையே கொடுங்கள். கடவுச்சீட்டில் உள்ளதற்கும் வங்கியில் உள்ளதற்கும் பெரிய வேறுபாடு இருந்தால், கடவுச்சீட்டைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றையும் செய்துவிடுங்கள்: உடனடிப் பணமாற்றுக்கு ஒரு நாளுக்கு அல்லது ஒரு முறைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. மாணவருக்கு 300 யூரோ போதும் என்றால் 300 என்றே வையுங்கள். 10 விநாடியில் போன பணத்தைத் திருப்பிப் பிடிப்பது மிகக் கடினம்.

இந்தப் பெயர்ச் சோதனையைப் பெற்றோரும் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டப்ளினிலும் பெர்லினிலும் வாடகை அறை கிடைப்பது அரிது. அதைப் பயன்படுத்தி, இல்லாத அறைக்கு முன்பணம் கேட்கும் மோசடிகள் நடக்கின்றன. மலேசியாவிலிருந்து பெற்றோர் நேரடியாக முன்பணம் அனுப்பும்போது ஐரோப்பியப் பெயர்ச் சோதனை நடைபெறாது. ஆகவே அனுப்பும் முன், அங்கே ஏற்கனவே கணக்கு வைத்திருக்கும் உறவினரோ மூத்த மாணவரோ ஒருவரிடம் அந்தக் கணக்கு எண்ணையும் வீட்டுக்காரரின் பெயரையும் கொடுத்து, தம் வங்கிச் செயலியில் பணம் அனுப்புவது போல் உள்ளிடச் சொல்லுங்கள். ஒப்புதல் தரும் முன்பே விடை திரையில் தோன்றும். பார்த்துவிட்டு அவர் இரத்து செய்துவிடலாம். பொருந்தவில்லை என்று வந்தால், வீட்டுக்காரர் என்ன காரணம் சொன்னாலும் ஒரு சென்கூட அனுப்பாதீர்கள். பொருந்தினாலும், கணக்கு அந்தப் பெயரில் இருக்கிறது என்று மட்டுமே அது காட்டும், வீடு அவருடையது என்பதற்கு அது சான்று ஆகாது.

சேமிப்பை எங்கே வைப்பது

ஒன்றியத்தின் எந்த வங்கி முறிந்தாலும், ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 100,000 யூரோ வரை நாட்டின் வைப்புக் காப்புறுதித் திட்டம் திருப்பித் தரும். 2024 முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் இது உரியது. கூட்டுக் கணக்கானால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிடப்படும். நம் நாட்டில் பிஐடிஎம் எனப்படும் வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் வரம்பு உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் 250,000 ரிங்கிட். பிரிட்டனில் 2025 டிசம்பர் 1 முதல் 120,000 பவுண்டு.

1986-இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களை நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியபோது எளிய மக்கள் பட்ட பாட்டை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு “காப்புறுதி உண்டு” என்ற சொல் மட்டும் போதாது. யார் தருகிற காப்புறுதி என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளும் கேட்கப் பழக வேண்டும். கைப்பேசிச் செயலியில் அழகான அட்டையோடு வரும் நிறுவனங்களுள் சில முழு வங்கி உரிமம் பெற்றவை; சில மின்பண நிறுவனங்கள் மட்டுமே. மின்பண நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்திலிருந்து பிரித்து வைக்கக் கடமைப்பட்டது. ஆனால் 100,000 யூரோ காப்புறுதி அதற்கு நேரடியாகப் பொருந்தாது. வேறுபாட்டைக் கண்டறிய ஒரு தாள் போதும்: வங்கியானால், எந்த நாட்டின் எந்தக் காப்புறுதித் திட்டம் பொறுப்பு என்பதைக் கூறும் தகவல் தாளைக் கணக்கு திறக்கும் முன்பும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஜெர்மனியில் இருக்கும் பிள்ளையின் தாளில் லிதுவேனியாவின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். வங்கி எந்த நாட்டில் உரிமம் பெற்றதோ அந்த நாட்டின் திட்டமே பொறுப்பு; வரம்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஒன்றியம் முழுவதற்கும் ஒரே காப்புறுதி நிதி என்ற திட்டம் 2015-இல் முன்வைக்கப்பட்டு இன்னும் கைகூடவில்லை. முறியும் நிலையிலுள்ள நடுத்தர, சிறிய வங்கிகளை ஒழுங்காகக் கையாள்வதற்கான சீர்திருத்தத்தில் மட்டும் 2025 ஜூனில் உடன்பாடு ஏற்பட்டது. நம் போன்ற சிறு சேமிப்பாளருக்கு 100,000 என்ற எண் மாறவில்லை.

வட்டிக்காக யூரோவில் பணத்தைத் தேக்கி வைப்பவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி 2024 ஜூனுக்கு முன் 4 சதவீதமாக இருந்தது. படிப்படியாகக் குறைந்து 2025 ஜூனில் 2 சதவீதம் ஆனது. பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி 2025 ஜூலையில் 2.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வட்டிக்காக மட்டும் ஊரின் பணத்தை யூரோவாக மாற்றுவதில் பொருளில்லை என்றே நான் கருதுகிறேன்.

வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது

ஒன்றியத்தின் உடனடிப் பணமாற்று மலேசியாவுக்கு வராது. இங்கே வரும் பணம் பழைய பன்னாட்டு வழியில், இடைவங்கிகளைக் கடந்து வருகிறது, அல்லது உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனம் வழியாக வருகிறது. அதனால் விலையை நீங்களே கேட்டு அறிய வேண்டும்.

கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். “இத்தனை யூரோ கொடுத்தால் அம்மாவின் கணக்கில் எத்தனை ரிங்கிட் விழும்?” என்று கேளுங்கள். எடுத்துக்காட்டாக, 500 யூரோ அனுப்பும் ஒருவரிடம் ஒரு நிறுவனம் கட்டணமே இல்லை என்று சொல்லி, யூரோவுக்கு 4.70 ரிங்கிட் தருகிறது. இன்னொன்று 5 யூரோ கட்டணம் எடுத்து 4.85 தருகிறது என்று கொள்வோம். முதலாவதில் 2,350 ரிங்கிட் வரும். இரண்டாவதில் 2,400 ரிங்கிட்டும் 75 சென்னும் வரும். கட்டணம் இல்லாததுபோல் தோன்றிய வழியில்தான் இழப்பு. ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் பணத்துக்கும் நாணய மாற்றுச் செலவின் மதிப்பீட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதி, 2023 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட முன்வரைவில் இடம்பெற்றிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்வரை காத்திராமல் நாமே கணக்குப் போட வேண்டும்.

வங்கி வழியே அனுப்பும்போது, கட்டணத்தை யார் ஏற்பது என்ற கட்டத்தில் அனுப்புநர் முழுவதும் ஏற்பது, இருவரும் பகிர்வது, பெறுநர் ஏற்பது என மூன்று தெரிவுகள் இருக்கும். பகிர்வதைத் தேர்ந்தால் வழியிலுள்ள இடைவங்கியும் கழித்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட தொகை முழுமையாக வந்து சேர வேண்டிய வீட்டுக் கடன் தவணை போன்றவற்றுக்கு முதல் தெரிவே நல்லது.

மலேசியக் கணக்குகளுக்கு, ஐரோப்பாவில் வழங்கும் ஐபேன் என்ற பன்னாட்டுக் கணக்கு எண் கிடையாது. படிவம் அதைக் கேட்டால் எதையாவது இட்டுக்கட்டி நிரப்பாமல், மலேசியாவைப் பெறும் நாடாகத் தேர்ந்து, கணக்கு எண்ணையும் வங்கியைப் பன்னாட்டளவில் அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் தாருங்கள்.

அடுத்தது முகவரி. 2024 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ள ஒன்றிய ஒழுங்குமுறை, பணத்தோடு அனுப்புநர், பெறுநர் விவரங்களும் சேர்ந்து செல்ல வேண்டும் என்கிறது. அதோடு, 2026 நவம்பர் முதல், பன்னாட்டு வங்கிச் செய்திகளில் முகவரியை ஒரே நீளத் தொடராக எழுதுவது ஏற்கப்படாது. ஊர்ப்பெயரும் நாடும் தத்தமக்குரிய தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். நகரத்து வீட்டுக்கு இது பெரிய காரியம் அல்ல. தோட்டப்புற முகவரியோ தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்து எண், மைல்கல் எண், தபால் பெட்டி என்று நீண்டு, தெருப்பெயரே இல்லாமல் முடியும். வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பார்த்து, ஊர் என்ற கட்டத்தில் சுங்கை சிப்புட், அஞ்சல் குறியீடு என்ற கட்டத்தில் 31100, நாடு என்ற கட்டத்தில் மலேசியா என்று பிரித்து எழுதி, மற்றவற்றை முகவரி வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறியையும் ஒற்றை எழுத்தையும் விட்டுவிடுங்கள். பல படிவங்கள் அந்தக் குறியீடுகளை ஏற்பதில்லை. இந்த வடிவத்தை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்துப் பிள்ளையின் கைப்பேசிக்கு அனுப்பிவையுங்கள்.

புதிய ஆள் ஒருவரின் மலேசியக் கணக்குக்குப் பிள்ளை பணம் அனுப்ப வேண்டியிருந்தால், முதலில் இங்குள்ளவர் டூயிட்நவ் என்ற உள்நாட்டுப் பணமாற்றுச் சேவை வழியே சிறு தொகை அனுப்பத் தொடங்கிப் பெறுநர் பெயரைத் திரையில் பார்க்கலாம். அரச மலேசியக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தேடி, அதன்மீது புகார் உள்ளதா என்றும் பார்க்கலாம். நான் மேலே சொன்ன வாடகைச் சோதனையின் மறுபாதி இது.

பணம் பறிபோனால்

அட்டையோ செயலியோ திருடப்பட்டு, வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் பணம் போயிருந்தால், ஐரோப்பிய வங்கி அடுத்த வேலை நாள் முடிவதற்குள் திருப்பிச் செலுத்த வேண்டும். வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய இழப்பு, பெருங்கவனக்குறைவோ மோசடியோ இல்லாதவரை, 50 யூரோவுக்கு மேல் போகக் கூடாது. புகார் செய்ய 13 மாதம்வரை காலம் உண்டு என்றாலும் தெரிந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

ஏமாற்றப்பட்டுத் தாமே பொத்தானை அழுத்தி அனுப்பிய பணத்துக்கு நிலைமை வேறு. இப்போதைய சட்டம் அதை ஒப்புதல் தந்த பரிமாற்றமாகவே பார்க்கிறது. வங்கி அலுவலர் போல் நடித்து ஏமாற்றும் மோசடிக்கு வங்கியே ஈடு செய்ய வேண்டும் என்ற மாற்றம் புதிய பணச்சேவை ஒழுங்குமுறையில் வருகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் அமைச்சர் மன்றமும் 2025 நவம்பரில் அதில் தற்காலிக உடன்பாடு கண்டன. அது முறையாக நிறைவேறி, மாற்றக்காலமும் முடிந்த பிறகே பயன் தரும். மலேசியாவில் இருப்பவர் ஏமாந்திருந்தால், உடனே தம் வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி மறுமொழி மையத்தையும் அழைத்துவிட்டுப் பிறகு காவல் நிலையத்துக்குச் செல்லட்டும்.

“ஐரோப்பிய உரிமம் பெற்றது” என்று சொல்லி வருபவர்

தோட்டப்புறங்களில் கூட்டு எனப்படும் சீட்டு பிடிப்பதிலும், பின்னர் மணி கேம் எனப்படும் பண மோசடித் திட்டங்களிலும் காசை இழந்த குடும்பங்கள் அதிகம். இப்போது அதே ஆசை கிரிப்டோ என்ற பெயரிலும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் வருகிறது. கூடவே “ஐரோப்பாவில் உரிமம் பெற்றது” என்ற சான்றிதழும் வருகிறது. இதைச் சோதிக்கும் முறையை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது கற்றுவைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மீக்கா எனப்படும் கிரிப்டோச் சந்தை ஒழுங்குமுறை 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. பழைய நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட மாற்றக்காலம் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், 2026 ஜூலை 1-க்கு மேல் நீள முடியாது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பதிவேட்டைப் பாரிஸில் உள்ள எஸ்மா என்ற சந்தை மேற்பார்வை அமைப்பு தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. விதி மீறிச் செயல்படும் நிறுவனங்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. விற்பவர் அனுப்பிய இணைப்பை அழுத்தாமல், எஸ்மாவின் தளத்தைத் தனியே திறந்து, நிறுவனத்தின் முழுச் சட்டப்பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால், பதிவேட்டில் உள்ள இணைய முகவரியும் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட இணைய முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரைத் திருடி ஓர் எழுத்தை மாற்றித் தளம் திறப்பது மோசடிக்காரர்களின் வழக்கம்.

இன்னும் இரண்டு அடையாளங்கள். யூரோ அல்லது டாலர் போன்ற நாணயத்தின் மதிப்போடு கட்டிய நிலைநாணயத்துக்கு, மீக்காவின்படி, வெளியீட்டாளர் வட்டி தரக் கூடாது. “ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற நிலைநாணயம், மாதம் 5 சதவீதம் வட்டி” என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, டிஜிட்டல் யூரோ. ஐரோப்பிய மத்திய வங்கி அதற்கான ஆயத்தங்களைச் செய்துவருகிறது. சட்டம் 2026-இல் நிறைவேறினால் 2029-இல் முதல் வெளியீடு சாத்தியம் என்று அறிவித்திருக்கிறது. இன்று டிஜிட்டல் யூரோ என்று ஒரு பொருள் விற்பனைக்கு இல்லை. அதில் முன்கூட்டியே முதலீடு செய்யச் சொல்பவர் பொய் சொல்கிறார்.

ஐரோப்பிய உரிமம் உண்மையாகவே இருந்தாலும், அது மலேசியாவில் ஆள் பிடிக்க அனுமதி ஆகாது. இங்கே விற்க வேண்டுமானால் நம் பத்திர ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆகவே இரண்டாம் சோதனையாக, பத்திர ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் பேங்க் நெகாராவின் நிதிப் பயனீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பது நல்ல நிறுவனம் என்பதற்குச் சான்று ஆகாது. அனுமதி பெற்றவர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கிரிப்டோச் சொத்துகளுக்கு 100,000 யூரோ காப்புறுதியும் கிடையாது, பிஐடிஎம் காப்புறுதியும் கிடையாது.

ஏற்கனவே ஏமாந்தவர்களைத் தேடி இரண்டாம் அலை ஒன்று வருகிறது. “ஐரோப்பிய மேற்பார்வை அமைப்பு உங்கள் பணத்தை மீட்டுவிட்டது, விடுவிக்க வரி கட்டுங்கள்” என்ற அழைப்பு வரும். மேற்பார்வை அமைப்பு எதுவும் இப்படித் தனிமனிதரை அழைத்துப் பணம் கேட்பதில்லை. முதல் முறை இழந்த வேதனையில் இருப்பவர் இரண்டாம் முறையும் நம்பிவிடுவார் என்பதைக் கணக்குப் போட்டே இதைச் செய்கிறார்கள். அவர்களைத் தனியே விடாமல் அருகில் இருந்து பேசுங்கள்.

ரொக்கமும் தங்கமும்

ஒன்றியத்துக்குள் நுழையும்போதோ வெளியேறும்போதோ 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 2021 ஜூன் முதல் தங்கக் காசுகளும் கட்டித் தங்கமும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. அணிந்திருக்கும் தாலிச் சங்கிலியும் வளையலும் இந்த விதியில் ரொக்கமாகக் கருதப்படுவதில்லை. மலேசியாவில் நுழையும்போதும் வெளியேறும்போதும் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேற்பட்ட ரொக்கத்தைச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 2027 ஜூலை 10 முதல், ஒன்றியத்தில் வணிகர்கள் 10,000 யூரோவுக்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது; சில நாடுகள் இதைவிடக் குறைந்த வரம்பையே வைத்திருக்கின்றன. கள்ளப்பணத் தடுப்புக்கென்று புதிதாக அமைக்கப்பட்ட ஆணையம் பிராங்க்ஃபர்ட்டில் 2025 ஜூலையில் பணி தொடங்கியிருக்கிறது. ஆகவே இனிப் பணத்தின் மூலத்தைப் பற்றி வங்கி கேட்கும் கேள்விகள் கூடும். ஊரிலிருந்து கல்விக்காக அனுப்பிய தொகைக்கு, இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்த ஆவணமோ நிலம் விற்ற பத்திரமோ எதுவானாலும், பிள்ளையிடம் ஒரு படி இருக்கட்டும்.

முறையீடு செய்ய வேண்டி வந்தால்

முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிடுங்கள். பணச்சேவை தொடர்பான முறையீட்டுக்கு ஐரோப்பிய வங்கி 15 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் தாமதமானால் அதை விளக்கி, 35 வேலை நாள்களுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். பதில் நிறைவு தராவிட்டால் அந்த நாட்டின் நிதிக் குறைதீர் அமைப்புக்குச் செல்லலாம். ஒன்றிய நாடுகளின் அத்தகைய அமைப்புகளை ஃபின்நெட் என்ற வலையமைப்பு 2001 முதல் இணைத்திருக்கிறது. எந்த நாட்டில் யாரிடம் செல்ல வேண்டும் என்பதை அதன் பக்கத்தில் காணலாம். குறை மலேசிய வங்கியின் பக்கம் இருந்தால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையை நாடுங்கள். எல்லைக்கு இரு புறமும் இரண்டு வங்கிகள் ஒருவரையொருவர் கைகாட்டினால், அனுப்பிய வங்கியிடம் பரிமாற்றத்தின் மேற்கோள் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணோடு பெற்ற வங்கியிடம் எழுத்தில் விசாரியுங்கள். எந்த நாளில் எந்த வங்கியில் பணம் நின்றது என்பதை அந்த எண்ணைக் கொண்டே கண்டுபிடிக்க முடியும்.